அண்ணனுக்கு ஒரு டிஸ்க், தம்பிக்கு ஒரு டிஸ்க்

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என்பது, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மீதி நேரமெல்லாம் டீ குடிக்கிற தொழில்.

பென் டிரைவைச் செருகியதும் அது வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். என்ன மொழி, எந்த ஊர் நேரம், எந்த கீபோர்டு. இதற்கெல்லாம் வாடிக்கையாளரே எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் ஒரு திரை வரும், டிஸ்க்கை எப்படிப் பிரிக்கலாம் என்று. முழுசாக விடுவதா, துண்டு போடுவதா, எல்.வி.எம். என்கிற முறையில் இருக்கிற டிஸ்க்குகளையெல்லாம் ஒரே குவியலாக்கி வேண்டிய அளவு எடுத்துக்கொள்வதா, அதற்குப் பூட்டு வேண்டுமா வேண்டாமா. அதுவரை என் தோளுக்குப் பின்னால் நின்றவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிடும். வெளியே போய்த் திரும்பி வந்து, நீங்களே பாத்து போடுங்க மேடம் என்பார். பிற்பாடு ஏதாவது ஆகிவிட்டால், பார்த்துப் போட்டவர் நாம்தான். இதே வேலையில் கிடந்து மல்லாடும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வீடு விழுப்புரத்தில், வாடிக்கை பாதி திண்டிவனத்தில். ஸ்கூட்டியும் மூன்று பென் டிரைவும்தான் கடை. இந்தத் திரையில் ஒரு தடவை சொன்ன பதிலால், கோட்டக்குப்பத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணம் பாதி திண்டிவனத்திலும் பாதி விழுப்புரத்திலுமாக மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் டிஸ்க்கை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் அது விளங்கும்.

டி எங்கே?

திண்டிவனத்தில் பட்டா, வருமானச் சான்று என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் மையம் ஒன்று. அதை நடத்துபவருடைய கம்ப்யூட்டர் வயதாகித் தள்ளாடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் சந்தோஷப்படவில்லை. சி எங்கே, டி எங்கே என்றார். இதில் அப்படி எழுத்தெல்லாம் கிடையாது சார், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழேதான், உங்கள் ஃபைல்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன் என்று சொன்னேன். தாளில் படம் போட்டும் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் டி எங்கே என்றார்.

ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. அவர் ஃபைல்கள் இருக்கும் இடத்துக்கு டெஸ்க்டாப்பில் ஒரு வழி வைத்து, அதற்கு 'டி' என்று பேர் கொடுத்தேன். அதைத் திறந்து பார்த்ததும்தான் அவர் முகம் சரியானது. என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, இருந்துச்சு. நீங்கதான் இல்லன்னு சொல்லிக்கினு இருந்தீங்க."

பூட்டு

வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை கமிஷன் மண்டி ஒன்றில் பூட்டு வேண்டும் என்றார்கள். அதாவது டிஸ்க் முழுவதையும் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, கம்ப்யூட்டரைப் போடும்போதே ஒரு ரகசியச் சொல் கேட்கிற மாதிரி வைப்பது. மறந்தால் நான் வந்தாலும் திறக்க முடியாது என்று முதலாளியிடம் அழுத்திச் சொன்னேன். அவரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொல்லைத் தட்டினார். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் போய் வந்திருந்ததால் கம்ப்யூட்டர் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றது. எடை போடுகிறவர் தராசை விட்டு நகராமலே அந்தச் சொல்லை உரக்கச் சொன்னார், மூட்டை தைக்கிற அம்மா அதில் ஓர் எழுத்தைத் திருத்தினார், பில் போடுகிறவர் தட்டினார், திறந்துகொண்டது. முதலாளி வந்ததும் இது என்ன ரகசியம் சார் என்று கேட்டேன். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை: "உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாம எப்டிம்மா வேல நடக்கும்? வெளியாளுக்குத்தானே தெரியக்கூடாது."

ராகு காலம்

ஏழுமலையும் சேகரும் கூடப் பிறந்தவர்கள். திண்டிவனத்தில் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினார்கள். அண்ணன் ஏழுமலை போட்டோ, தம்பி சேகர் வீடியோ. சேகரின் மனைவி செல்விக்கும் கேமரா பிடிக்கத் தெரியும். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் வெளி ஆண்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. செல்வி போவாள். அதனாலேயே கோட்டக்குப்பத்துக் கல்யாணங்கள் இவர்களைத் தேடி வந்தன.

ஒரு தடவை யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஒரு கல்யாணத்துப் படம் முழுவதையும் திறக்காத ஷார்ட்கட்டுகளாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் படங்களைப் போட்டு வைக்க மட்டும் லினக்ஸில் தனியாக ஒரு பெட்டி வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் எல்லாவற்றையும் மாட்டி இன்ஸ்டால் என்பதை அழுத்தப் போனபோது செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். ராகு காலமாம். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது செல்வி என்று சிரித்தேன். எங்களுக்குத் தெரியும் அக்கா என்று டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு பட்டனைத் தட்ட ஒரு மனுஷி உட்கார்ந்து காத்திருந்ததில் எனக்குக் கோபம்தான். டீ நன்றாக இருந்ததால் வெளியே காட்டவில்லை.

நல்ல நேரம் வந்தது, அந்தத் திரையும் வந்தது. ஒரே அளவில் இரண்டு புது டிஸ்க் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் இருப்பதையே மற்றதிலும் வைத்தால் பத்திரம், ஆனால் இடம் பாதிதான் என்றேன். இரண்டையும் எல்.வி.எம்.மில் ஒன்றாக்கி, இதில் ஒரு கை அதில் ஒரு கை என்று மாற்றி மாற்றி எழுத வைத்தால் இடமும் முழுசு, வேகமும் ஜாஸ்தி, ஆனால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று குப்பை, தனியாக ஒரு காப்பி வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். காப்பிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பிக்குத் தலையாட்டாத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை, காப்பி வைத்தவரையும் பார்த்ததில்லை. ஏழுமலை தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு முடிவு சொன்னார்: "ரெண்டையும் ஒண்ணாக்கிடும்மா. எங்களுக்குள்ள உன்னுது என்னுதுன்னு கெடையாது."

ஆளுக்கொன்று

பிறகு பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள், அதனாலேயே நான் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் உட்கார்ந்து பாகம் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு லைட். பெட்டியைத் திறந்தால் உள்ளே அச்சாக ஒரே மாதிரி இரண்டு டிஸ்க். பாகம் போடுகிறவர்களுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும். ஸ்க்ரூவைக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். ஏழுமலை திண்டிவனத்துக் கடையிலேயே இருந்தார். சேகரும் செல்வியும் விழுப்புரத்தில் புதுக் கடை போட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஷமீமா சொல்லித்தான். அவர்கள் சேர்ந்து எடுத்த கடைசிக் கல்யாணம் கோட்டக்குப்பத்தில் இவளுடையது. காலியான பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த என் நம்பரைப் பார்த்துப் போன் செய்தாள். படம் கேட்டு இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் நடையாக நடந்திருக்கிறாள். பள்ளிவாசல் பக்கம் நான் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கும், ஆனால் டிஸ்க் திறக்கவில்லை என்றாராம் அண்ணன். வீட்டில் பெண்கள் பக்கம் எடுத்தது எங்களிடம் இருக்கும், ஆனால் திறக்கவில்லை என்றார்களாம் தம்பி வீட்டில்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிவாசல் இங்கே, வீடு அங்கே என்றெல்லாம் அது பிரியவில்லை அம்மா, ஒவ்வொரு படமுமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது, மாப்பிள்ளையின் தொப்பி திண்டிவனத்தில் இருந்தால் தாடி விழுப்புரத்தில் இருக்கும் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்து சில நாளிலேயே அவள் புருஷன் துபாய்க்குத் திரும்பிவிட்டானாம். மெதுவாகத்தான் பேசினாள்: "அவரு பள்ளிவாசல்ல இருந்தாரு, நான் ஊட்ல இருந்தேன். என் நிக்காஹ நானே இன்னும் பாக்கலீங்க அக்கா."

ஓகே பட்டன்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த மாதிரி டிஸ்க்கை மாட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் செய்யாது. ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்கும். ஓகே கொடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது. ஷமீமா போனை வைத்ததுமே எனக்கு வந்த நினைப்பு அதுதான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு முதலில் ஏழுமலைக்குப் போன் போட்டேன். ஏதோ இங்கிலீஷில் கேட்டது, கண்ணாடி கையில் இல்லை, பிடுங்கி வைத்துவிட்டேன் என்றார். அவர் பாதி பிழைத்தது.

அடுத்து விழுப்புரம். செல்விதான் எடுத்தாள். இன்றைக்கு ஆர்டர் இல்லாமல் சும்மா இருக்கிறோம், திறக்காத அந்த டிஸ்க்கையாவது உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்று மாட்டியிருக்கிறார்கள். ஃபார்மேட் கேட்கிறது, ஓகே மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு சேகர் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். எதையும் தொடாதே, வயரை மட்டும் பிடுங்கு என்று நான் கத்தியதில் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிடுங்கிவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் ஏன் ஓகே கொடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். அன்றைக்குப் புதன்கிழமை, மதியம் ஒரு மணி. செல்வி குரலில் கேலியே இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது: "ராகு காலம் முடியட்டும்னு ஒக்காந்துக்கினு இருக்கோம்க்கா. நீங்கதான் அன்னிக்கு சிரிச்சீங்க."

யார் வீட்டுக்கு?

இனி வேலை சுலபம். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் மாட்டினால் போதும், தானாக ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு எழுந்துவிடும். டிஸ்க்குகளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. தம்பியைக் கொடுத்தனுப்பச் சொல்லு என்றார் அண்ணன். அண்ணனைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள் என்றார் தம்பி. என்னிடம் கொடுங்கள் என்றால் அதற்கும் இரண்டு பேருமே தயங்கினார்கள். பாதியைக் கையை விட்டுவிட்டால் அப்புறம் தன் பேச்சு எடுபடாது என்று இருவருக்கும் ஒரே பயம். இந்த ஒரு விஷயத்திலாவது ஒற்றுமையாக இருந்தார்கள்.

என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அது விழுப்புரம், தம்பி ஊர், வர மாட்டேன் என்றார் ஏழுமலை. திண்டிவனத்தில் டீக்கடை பெஞ்சில் வைத்துக்கூட மாட்டித் தருகிறேன் என்றேன். அது அண்ணன் ஊர் என்றார் சேகர். இப்படியே இழுத்துக்கொண்டு போனது. ஷமீமாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரையும் போனில் ஒன்றாகப் பிடித்து, என்னையும் சேர்த்துக்கொண்டு, ஒரே தடவையில் முடித்துவிட்டாள்: "எங்க ஊட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். கல்யாணத்துக்கு கூப்ட்டப்போ வந்தீங்க இல்ல? அது இன்னும் முடியல."

கபூல்

நான் ஆட்டோவில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அண்ணனும் தம்பியும் கூடத்தில் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழுமலை டிஸ்க்கை டிபன் பையில் கொண்டுவந்திருந்தார். சேகர் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். காப்பி எடுக்க, மொத்தமும் கொள்ளும் அளவில் ஆளுக்கொரு புது டிஸ்க் வாங்கி வரச் சொல்லியிருந்தேன், அதையும் கொண்டுவந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய டிஸ்க் எதற்கு, நான் எடுத்தது எனக்கு, அவர்கள் எடுத்தது அவர்களுக்குத்தானே என்றார் ஏழுமலை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சேகரும் என்னைப் பார்த்துத்தான் தலையாட்டினார். நான் பழைய டிஸ்க் இரண்டையும் வாங்கி மாட்டினேன். பெட்டி எழுந்தது. ஒரு வரி வந்தது, வால்யூம் கிடைத்துவிட்டது, அதாவது இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டது என்று. இந்தத் தொழிலில் நான் கும்பிட்ட வரி அது ஒன்றுதான்.

முதலில் ஷமீமாவின் கல்யாணத்தைத்தான் திறந்தேன். சேகர் எடுத்த வீடியோ. பள்ளிவாசல், வெள்ளைத் தொப்பிகள், நடுவில் மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஷமீமா முட்டி போட்டு உட்கார்ந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத், சம்மதமா என்று கேட்டு முடிக்கும் முன்பே மாப்பிள்ளை கபூல் என்று சொல்லிவிட, சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவள் அதைத் திரும்ப ஓட்டச் சொன்னாள். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். அவள் கண் நிறைந்துவிட்டது, எனக்கும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, நான் கீபோர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்தது செல்வி எடுத்தது, வீட்டுக்குள் பெண்கள் பக்கம். பெண்ணிடம் சம்மதம் கேட்க வருகிறார்கள், ஷமீமா தலையைக் குனிந்துகொண்டே ஆட்டுகிறாள். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே இருந்து ஏழுமலையின் குரல் கேட்கிறது. செல்வி, பேட்டரி இருக்குதா, காலைலருந்து ஒண்ணும் சாப்படலியே, சேகர் டிபன் வாங்கியாந்திருக்கான், வந்து சாப்ட்டுட்டு எடும்மா என்கிறது அந்தக் குரல். ஏழுமலை தன் குரலையே யாரோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். சேகர் மடியிலிருந்த காலித் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஷமீமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்: "இவ்ளோ ஜல்தியா கபூல் சொல்லிட்டு, போன்ல என்கிட்ட ரொம்ப யோசிச்சி சொன்னேன்னு கத விட்டுக்கினு இருக்காரு."

மறுபடியும் அதே கேள்வி

ஷமீமாவின் கல்யாணத்தை அவள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கியதும் உள் அறைக்குப் போய்விட்டாள். துபாய்க்குப் போன் போகிற சத்தம் கேட்டது. மீதியைப் புது டிஸ்க்குகளில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் எப்போதும் கேட்கிற கேள்வியை நான் கேட்டாக வேண்டும். அண்ணன் எடுத்தது அண்ணனுக்கு, தம்பியும் செல்வியும் எடுத்தது தம்பிக்கு, அப்படித்தானே என்றேன்.

இந்தத் தடவை இரண்டு பேருக்கும் போன் வரவில்லை. வெளியே போகவில்லை. சேகர் முதல் தடவையாக எதிர்ச் சுவரைப் பார்த்து, அண்ணன் எப்டி சொல்லுதோ அப்டி போடுங்க என்றார். ஏழுமலை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். சேர்ந்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. கடை இரண்டுதான், ஊர் இரண்டுதான், அது இன்று வரை அப்படியே இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தனித்தனியாவே போடும்மா. ஆனா என்னுதுல அவந்தும் இருக்கட்டும், அவந்துல என்னுதும் இருக்கட்டும்."

இப்போதெல்லாம் யாராவது ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாக்கிடுங்க என்றால், கூடப் பிறந்தவர்கள் யாராவது கடையில் பங்கா என்று விசாரித்துவிட்டு, ராகு காலமும் பார்த்துக்கொண்டுதான் என்டரைத் தட்டுகிறேன்.